ஜன்னலுக்குத் தனிக் காசு

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். உடம்பில் எல்லாப் பாகமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் கழுத்து எப்படி? கேமராவுக்குப் பின்னால் குனிந்து குனிந்து அது ஒரு பக்கமாகவே நின்றுவிடப் போகிறது, போய் டாக்டரைப் பார்.

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வரும், கடிதம் என்றால் ஸ்டாம்ப் ஒட்டுவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீதானே சொன்னாய். இதோ முதல் கடிதம். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், கோபம் ஆறவில்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு டாக்சிக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். ஏறும்போதே கட்டணம் கேட்டேன், சொன்னார், நியாயமாக இருந்தது. லாட்ஜ் வாசலில் இறங்கியதும் இரண்டு மடங்கு கேட்கிறார். அவர் பேசிய அரைகுறை இங்கிலீஷை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மொத்தம் ரெண்டு சீட்டு."

"நான் ஒருத்திதானே வந்தேன்?"

"உன் பை உக்காரலையா? பக்கத்துல ராணி மாதிரி உக்காந்துதானே வந்துச்சு? மடியில வெச்சிருந்தா ஒரு சீட்டுதான். நான் வேணாம்னா சொன்னேன்?"

கொடுத்துத் தொலைத்தேன். ஏமாந்ததைவிட, அந்த நியாயத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றதுதான் எரிச்சல்.

நிற்க. என் அறை. மூன்று வருட ஆபீஸ் சம்பளத்தைச் சேர்த்து ஒரு வருடம் வெளிநாட்டு ஊர்களைச் சுற்றக் கிளம்பியிருக்கிறேன், திரும்பி வர எனக்கென்று உலகத்தில் இருப்பது மாடியில் உள்ள அந்த ஒரு அறைதான். அதைத் திறக்காதே, தூசிகூடத் தட்ட வேண்டாம். அடுத்த டிசம்பரில் நான் வந்து, மேல் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்து, கீழே முழங்கையால் ஓர் இடி இடித்து, நானே நீல பெயின்ட் அடித்த அந்த ஜன்னலைத் திறந்து, கட்டிலில் தொப்பென்று விழ வேண்டும். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும்.

உன்,
வாலு


ஜனவரி 24

அன்பு வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ முழுசாக இருப்பதில் மகிழ்ச்சி. என் கழுத்து இப்போது இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் டாக்சிக்காரர் விஷயத்தைப் படித்துவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று முறைத்தார். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அவர் அதைக் கோபமாகச் சொன்னாரா, சிரித்துக்கொண்டே சொன்னாரா? கடைசி வரை சிரித்தார் என்றால் கெட்டிக்காரர்தான். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய், எனக்குத் தெரியாதா.

டாக்சியில் வரும்போது வழியில் என்ன பார்த்தாய்? காசு போனதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை. வீடுகளுக்குக் கூரை எப்படி இருக்கிறது? கடைகளில் போர்டு கையால் எழுதியதா?

இங்கே விடாத மழை. கடைக்குள் ஈரக் குடையும் ஈரக் காலுமாக ஒரே சொதசொதப்பு. போன வாரம் ஒரு வெளிநாட்டுப் பெண் பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்தாள். உன்னைப் போலவே முதுகில் மூட்டை, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட. எந்த லாட்ஜிலும் இடமில்லையாம். பாவம்.

நகல் எடுக்கும் மெஷின் மறுபடி மக்கர் செய்கிறது. உன் ஜன்னல் நன்றாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

வயிறு இரண்டு நாள் படுத்தியது, இப்போது தேவலை. உன் கழுத்தை ஒழுங்காகக் காட்டிக்கொள், உடம்போடு திரும்புவதெல்லாம் வைத்தியம் இல்லை.

டாக்சிக்காரர் கடைசி வரை சிரித்தார். இப்போது திருப்தியா? நீ யார் பக்கம் என்றே புரியவில்லை.

அவரெல்லாம் கத்துக்குட்டி என்று இப்போது தெரிகிறது. இந்த ஊர் லாட்ஜ்காரரைக் கேள். மலைமேல் ஊர், நல்ல குளிர். அறை வாடகை மலிவு என்று போர்டில் பார்த்துத்தான் போனேன். சாவியைக் கையில் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். வெந்நீர் தனி. போர்வை ஒன்று இலவசம், இரண்டாவது தனி. ஜன்னல் இருக்கிற அறை என்றால் ஜன்னலுக்குத் தனிக் காசு!

ஜன்னலுக்கு, அக்கா. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வாடகை. எனக்குத்தான் ஜன்னல் இல்லாமல் தூக்கம் வராதே, கொடுத்தேன். மேலே போய்த் திரையை விலக்கினால் கைக்கு எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கீழே ஓடி வந்து கேட்டால், "ஜன்னல் இருக்குன்னுதானே சொன்னேன்? வெளிய என்ன தெரியும்னு நீ கேக்கவே இல்லையே?" என்கிறார்.

சாப்பாட்டுக் கடையிலும் அதே கதை. அவர்கள் மொழியில் ஒரு விலைப்பட்டியல், இங்கிலீஷில் ஒரு விலைப்பட்டியல். இரண்டிலும் அதே சூப். எண்கள் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதானே எழுதுகிறார்கள், பக்கத்து மேசைக்காரர் பட்டியலை எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "இங்கிலீஷ்ல எழுதுறதுக்கு ஆள் வெச்சோம்ல, அந்தச் செலவு" என்றார். மொட்டையடிக்கிறார்கள், அதையும் வலிக்காமல் அடிக்கிறார்கள்.

என் அறை எப்படி இருக்கிறது? ஜன்னலைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாய்.

வாலு


பிப்ரவரி 20

அன்பு வாலுவுக்கு,

வயிற்றுக்கு வெறும் கஞ்சி குடி, கண்ட கண்ட சூப்பைக் குடிக்காதே, அதுவும் இங்கிலீஷ் சூப். என் கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போட்டோவுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்தே தலையை நேராக வைத்துக்கொள்கிறார்கள். ஒருவிதத்தில் வசதி.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குச் சில சந்தேகம்.

ஜன்னலுக்குத் தனி என்று அவர் எப்போது சொன்னார்? நீ மூட்டையை இறக்குவதற்கு முன்பா, பிறகா? வெந்நீருக்கு வாளிக் கணக்கா, இல்லை ஒரு நாளைக்கு இவ்வளவா? துண்டு அவர்களே கொடுக்கிறார்களா? கொடுத்தால் தினமும் மாற்றுவார்களா? அங்கே வருகிறவர்களுக்குக் காலையில் டீயா, காப்பியா? இதெல்லாம் உன்னை எப்படியெல்லாம் ஏய்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். அக்கா என்று ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

அந்தச் சுவருக்கு என்ன நிறம்? ஜன்னலுக்கு வெளியே தெரிந்த சுவர். வெறும் செங்கலா, பூசியதா? அந்தப் பக்கம் யாராவது குடியிருந்தார்களா? மலைமேல் குளிர் என்றால் வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரா? இங்கே இருந்துகொண்டு எனக்குப் பிடிபடவில்லை.

மாடிக் குழாயைச் சரிசெய்துவிட்டேன். வெந்நீர் இப்போது நன்றாக வருகிறது. கீழ்வீட்டு டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "தங்கச்சி போனதுலருந்துதான் உங்க முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்று என்னிடமே சொல்கிறார், எப்படி இருக்கிறது பார்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

வயிறு சரியாகிவிட்டது, குதிகால்தான் வெடித்திருக்கிறது. பட்டையைக் கழற்றிவிட்டாயா, இன்னும் கட்டுகிறாயா?

உன் கேள்விக்கெல்லாம் வரிசையாகப் பதில். மூட்டையை இறக்கிய பிறகுதான் சொன்னார். இறக்கிய மூட்டையை மறுபடி தூக்கிக்கொண்டு தெருவில் அலைய யாருக்கும் மனசு வராது, அதுதான் அவர்கள் தொழில் ரகசியம். வெந்நீர் ஒரு நாளைக்கு இவ்வளவு. துண்டு கொடுப்பார்கள், தினமும் மாற்ற மாட்டார்கள். காலையில் காப்பி. சுவர் வெளிர் மஞ்சள், பாதி பூசியது, யாரோ கைவிரலால் இழுத்த கோடு ஒன்று ஈரத்திலேயே காய்ந்திருந்தது. புகை வருகிற குளிர்தான். போதுமா? நீ எனக்காகக் கவலைப்படுவது புரிகிறது, ஆனால் ஏமாந்தவளை இப்படிக் கூண்டில் ஏற்றிக் கேட்பது நீ ஒருத்திதான்.

இப்போது துறைமுக ஊரில் இருக்கிறேன். போன வாரம் ஒரு தீவுக்குப் படகில் போனேன். கட்டணம் அவ்வளவு மலிவு, எனக்கே வெட்கமாக இருந்தது. தீவில் மதியம் வரை சுற்றிவிட்டு வந்து படகில் கால் வைக்கிறேன், படகுக்காரர் கையை நீட்டுகிறார்.

"காசு."

"காலைலயே கொடுத்தேனே?"

"அது போறதுக்கு. திரும்பி வரணும்னா தனி."

எவ்வளவு தெரியுமா? போனதைப் போல ஐந்து மடங்கு. அந்தத் தீவில் வேறு படகு கிடையாது. "நீந்தியும் போகலாம், அதுக்குக் காசு இல்ல" என்று தாராளமாகச் சொன்னார்.

கை கடிக்கிறது, அக்கா. ஒரு வருடத்துக்கு என்று கொண்டுவந்தது அரை வருடத்துக்கு வருமா என்று இருக்கிறது. சீக்கிரமே திரும்ப வேண்டி வரலாம். அதனால்தான் மறுபடி கேட்கிறேன், என் அறை அப்படியே இருக்கிறதல்லவா? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன், நீ குழாயையும் ஜன்னலையும் பற்றி எழுதுகிறாய்.

இந்த லாட்ஜ் பரவாயில்லை, நடத்துவது ஒரு அம்மாள். சாவிக்கு மட்டும்தான் தனிக் காசு கேட்டாள். கொஞ்ச நாள் இங்கேதான், விலாசம் கவரின் பின்னால்.

வாலு


மார்ச் 23

அன்பு வாலுவுக்கு,

குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் காலுறையைப் போட்டுக்கொண்டு படு. என் பட்டையைக் கழற்றிவிட்டேன்.

படகுக்காரர் விஷயம் அபாரம். இத்தனை நாள் நீ எழுதியதிலேயே இதற்குத்தான் முதலிடம். வாயைப் பிளந்து படித்தேன். போகும்போதே நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? மற்ற ஆட்கள் என்ன செய்தார்கள், அழுதுகொண்டே கொடுத்தார்களா? படகு போகும்போது தண்ணீர் உள்ளே தெறிக்குமா? நடுவில் நின்று பார்த்தால் நான்கு பக்கமும் தண்ணீர்தான் தெரியுமா, இல்லை எங்காவது கரை தெரியுமா? இதற்குக் கட்டாயம் பதில் எழுது.

நீ இருக்கும் லாட்ஜ் சுத்தமா? அங்கே எப்போதும் இடம் கிடைக்குமா? ஸ்டேஷனிலிருந்து எப்படிப் போக வேண்டும்? தெரிந்த ஒருவர் கேட்டார்.

கை கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு ஓடி வராதே. கிளம்பியது கிளம்பிவிட்டாய், பார்க்க வேண்டியதைப் பார். உன் அறையில் தூசி இல்லை.

கடையில் நல்ல கூட்டம். இந்த மாதம் என்னவோ ஊரே பாஸ்போர்ட் எடுக்கிறது. "சிரிக்காதீங்க, வாயை மூடுங்க, நேரா பாருங்க" என்று சொல்லிச் சொல்லித் தூக்கத்திலும் அதையே சொல்கிறேனாம். இதைச் சொன்னது டீச்சர் இல்லை, வேறொருவர். அதை விடு.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

நான் நன்றாக இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும்.

முந்தாநாள் இந்த லாட்ஜுக்கு ஒருவர் வந்தார். நெட்டையாக, வாசலில் குனிந்து நுழைகிற உயரம். முன்கூடத்தில் ஜன்னல் ஒன்று சிக்கிக்கொண்டு திறக்கவில்லை, நானும் லாட்ஜ்கார அம்மாளும் இழுத்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களை விலக்கிவிட்டு, மேல் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்து, கீழே முழங்கையால் ஓர் இடி இடித்தார். திறந்துகொண்டது.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஓர் ஊரில் ஒரு போட்டோக் கடைக்கு மேலே அறை வாடகைக்குக் கிடைத்ததாம். நீல ஜன்னலாம். அந்த வீட்டுக்காரம்மாவைப் போல உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்று சிரிக்கிறார். மூட்டையை இறக்கி வைத்த பிறகு ஜன்னலுக்குத் தனி என்றாளாம். மூட்டையைக் கட்டிலில் வைத்தால் இன்னொரு ஆள் கணக்காம், தரையில் வைத்தால் இலவசமாம். மாடி ஏறத்தான் வாடகை, இறங்கி வெளியே போய்விட்டுத் திரும்பி ஏறினால் தனி என்று முதல் நாள் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து அவளே விழுந்து விழுந்து சிரித்தாளாம். இந்த லாட்ஜின் விலாசத்தை அவளே சொல்லி, அதற்கும் காசு வாங்கியிருக்கிறாள்.

வெந்நீருக்கும் காசாம். ஆனால் கீழே உட்கார்ந்து தான் பார்த்த ஓர் ஊரைப் பற்றிச் சொன்னால் அன்றைக்கு வெந்நீர் இலவசமாம். இது எந்த ஊர் வியாபாரம்?

நான் தெருத்தெருவாக ஏமாந்து உனக்கு எழுதினேன். நீ என் கவலையில் கேட்கிறாய் என்று நினைத்து வரிசையாகப் பதில் வேறு எழுதினேன். நீ எனக்கே காது குத்தியிருக்கிறாய். என்னை ஏய்த்த அத்தனை பேரையும் மன்னித்துவிடுவேன், அவர்கள் யாரும் எனக்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

கையில் காசு இல்லை, அதனால் இந்த ஊரை விட்டு நகர முடியாது. திரும்பி வர ஓர் அறை இருந்தது, அதில் இப்போது யார் படுத்திருக்கிறார்களோ.

இனி எழுத மாட்டேன்.


ஏப்ரல் 27

வாலு,

கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் உண்மைதான். அந்த மழையில் வந்த பெண்ணில்தான் ஆரம்பித்தது. கடை மூடும் நேரம், கதவோரம் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். உன்னை அப்படி யாராவது தெருவில் நிறுத்தினால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, ஓர் இரவுக்குத்தான் உன் அறையைத் திறந்தேன். காலையில் அவளாகவே காசை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது ஊரில் உள்ள மூட்டைக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எவ்வளவு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன் கடிதம் கையில் இருந்தது.

உன் சாமான் எல்லாம் என் அறையில் இருக்கிறது, ஒரு கிளிப்கூடக் குறையவில்லை. ஆனால் சத்தியத்தை மீறியது மீறியதுதான். உனக்கு முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நிறுத்தச் சொல்வாய், நிறுத்த எனக்கு மனமில்லை, அதனால் சொல்லவில்லை.

இன்னும் ஏதோ சொல்ல வந்தேன், எழுத வரவில்லை. இத்துடன் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் திருப்பி அனுப்பாதே, திருப்பி அனுப்பினால் அதற்குத் தனிக் கட்டணம்.

அக்கா


ஜூன் 2

அன்பு வாலுவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுகிறார். லாட்ஜ்கார அம்மாளுக்கு போன் போட்டுப் பார்த்தேன். அவள் பாஷை எனக்குப் புரியவில்லை, என் பாஷை அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்பது மட்டும் எப்படியோ புரிந்தது. அது போதும்.

இத்துடன் ஒரு போட்டோ இருக்கிறது. பார்த்துவிட்டுச் சிரிக்காதே.

நானேதான். வெள்ளைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. டீச்சரைக் கேமராவை அழுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் சிரிக்காதே, வாயை மூடு என்று அதட்டுகிறவள், நான் உட்கார்ந்ததும் என்ன ஆனதோ தெரியவில்லை, பல் முப்பத்திரண்டும் தெரிய இளித்துவிட்டேன். அதைக் கவனிக்காமலே விண்ணப்பத்தோடு கொடுத்தும் விட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸில் அந்த அதிகாரி போட்டோவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஏம்மா, இது எந்த ஸ்டுடியோல எடுத்தது? அவங்களுக்கு ரூல்ஸ் தெரியாதா?" என்று கேட்டார். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? "தெரியாது போல சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் கடையிலிருந்து திரும்பி வந்த முதல் போட்டோ என்னுடையதுதான்.

வேறொன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்கா,

குதிகால் ஆறிவிட்டது, கோபமும் பெரும்பாலும். மிச்சம் இருப்பதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதமாக இந்த லாட்ஜில்தான் வேலை பார்க்கிறேன். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, அதற்குப் பதில் முன்மேசையில் உட்கார வேண்டும். முதல் வாரமே ஒரு ஜோடி வந்து மூட்டையை இறக்கியது. லாட்ஜ்கார அம்மாள் உள்ளேயிருந்து கண்ணைக் காட்டுகிறாள். நான் சொன்னேன், அக்கா. "சாவிக்குத் தனி." நாக்கு கூசவில்லை. அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்த்தபோது டாக்சிக்காரர் ஏன் சிரித்தார் என்று தெரிந்தது. அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் திருப்பிக் கொடுத்தேன் என்பது வேறு விஷயம். அம்மாளுக்குத் தெரியாது.

உன் போட்டோ வந்த அன்று முதலில் சிரித்தேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்பா போன பிறகு அந்தக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றவள், நான் பள்ளிக்கூடம், காலேஜ், ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகப் போகும்போதும் அங்கேயேதான் நின்றாய். ஊரில் வெளிநாடு போன அத்தனை பேரும் உன் முன்னால் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். வெந்நீர் வாளிக் கணக்கா என்று கேட்டது வியாபாரத்துக்கு, சரி. துண்டு, காப்பி, அதுவும் சரி. ஜன்னலுக்கு வெளியே இருந்த சுவரின் நிறம் எந்த வியாபாரத்துக்கு? படகின் நடுவில் நின்றால் கரை தெரியுமா என்று எதற்குக் கேட்டாய்? இன்னும் இங்கேயே தங்கியிருக்கும் நெட்டையரைக் கேட்டேன். ஊர்க் கதை சொல்ல உட்கார்ந்தால் நீ கேள்விமேல் கேள்வி கேட்டு அவரைச் சாப்பிடவே விடவில்லையாம். இருபது நாளில் இருபது ஊர் கேட்டாயாமே. வெந்நீர்க் காசு அவர் ஒரு நாளும் கொடுக்கவில்லையாம்.

நான் ஒரு மடச்சி, அக்கா. நீ எனக்காகக் கவலைப்படுகிறாய் என்று முதலில் நினைத்தேன், காசுக்காகக் கேட்டாய் என்று பிறகு நினைத்தேன். உனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது என்று மட்டும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

இதற்குமுன் நான் பதில் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. நடுவில் நின்று பார்த்தால் கரை தெரியாது. நான்கு பக்கமும் தண்ணீர்தான். தண்ணீர் உள்ளே தெறிக்கும், முகமெல்லாம் உப்பாகும்.

இரண்டாவது போட்டோவில் வாயை மூடினாயா?

வாலு


ஜூலை 6

அன்பு வாலுவுக்கு,

மூடினேன். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், பாஸ்போர்ட்டில் பல்வலிக்காரி மாதிரி இருக்கிறேன். ஆனால் கொடுத்துவிட்டார்கள். கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது, எது எந்தப் பக்கம் வந்தாலும் பார்த்துவிடலாம்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். டீச்சர் பயந்துபோய் மேலே ஓடி வந்துவிட்டார். எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை, அதை நீ எழுதித்தான் படித்தேன். நீ கிளம்பிப் போனபோது எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது, வாலு. இப்போது சொல்ல வெட்கமில்லை. அந்த மூட்டைக்காரர்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் பசி அடங்கும் என்று பார்த்தேன், கூடத்தான் செய்தது.

அதனால் வருகிறேன். ஆகஸ்ட் நான்காம் தேதி காலை ரயிலில் உன் ஊருக்கு வந்து சேருவேன். கடையை டீச்சர் பார்த்துக்கொள்கிறார், நகல் மெஷினை எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஜன்னல் காசில் போவதற்கு ஒரு டிக்கெட்டும், திரும்பி வர இரண்டு டிக்கெட்டும் எடுத்திருக்கிறேன். திரும்புகிற இரண்டிலும் தேதி போடவில்லை. படகுக்காரரிடம் கற்ற பாடம், திரும்பி வருவதற்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

வாடகைக்கு வருகிறவர்களை நிறுத்திவிட்டேன். உன் சாமானை எல்லாம் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, உன் அறையைப் பூட்டிவிட்டேன். கிளம்பும் அன்று என் அறையையும் பூட்டப் போகிறேன். என் அறைக்குப் பூட்டே கிடையாது என்பது இப்போதுதான் தெரிந்தது, புதிதாக ஒன்று வாங்கினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனுக்கு என்னை அழைக்க வராதே. வந்தால் நீ எனக்காக டாக்சிக்காரரோடு பேரம் பேசுவாய், மீட்டரைப் பார்ப்பாய், என்னை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்துவிடுவாய். எனக்கு அது வேண்டாம். நானே இறங்கி, நானே ஒரு சிரிக்கிற முகமாகப் பார்த்து ஏறி, என் மூட்டையைப் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார வைத்துக்கொண்டு, வழியெல்லாம் கூரைகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். இறங்கியதும் அவர் இரண்டு சீட்டு என்று சொல்லட்டும்.

நீ வாசலில் நில், போதும். குறுக்கே மட்டும் வராதே.

அக்கா